பத்தியம் எத்தனை நாளைக்கு?

ஆலோசனை முடிந்து எழுந்து செல்லும்போது கதவருகே நின்று திரும்பிப் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “டாக்டர், இந்தப் பத்தியம் எத்தனை நாளைக்கு?” நோயாளி கேட்காவிட்டால் உடன் வந்தவர் கேட்பார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள் கணக்கு ஏது என்று இதைக் கேட்டுப் புன்னகைப்பவர்கள் உண்டு. எனக்கோ இது மிகவும் பொருள் பொதிந்த கேள்வியாகப் படுகிறது. நம் வீடுகளில் உடல்நலம் பேணும் முயற்சிகள் ஏன் இரண்டாம் மாதத்தைத் தாண்டுவதில்லை என்பதற்கான விடை இக்கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பத்தியம் என்பது நம் மரபில் தொடக்கமும் முடிவும் உடையது. சித்த மருத்துவத்தில் மருந்து உண்ணும் நாள்களுக்குப் பத்தியம். மருந்து முடிந்தபின் சில நாள் மறுபத்தியம். அதன்பின் வழக்கமான உணவு. மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குப் பத்தியம், அம்மை கண்டவர்க்குப் பத்தியம், எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தெரிந்திருப்பதாலேயே அவ்வளவு கடுமையையும் மனம் தாங்கிக்கொள்கிறது. நாற்பத்தொரு நாள் விரதம் இருப்பவர் அத்தனை நாளும் புகையையும் மதுவையும் தொடாமல் இருப்பதைக் காண்கிறோம். அவரே நாற்பத்திரண்டாம் நாள் பழைய வழிக்குத் திரும்புவதையும் காண்கிறோம். அது மன உறுதிக் குறைவு அன்று. முடியும் நாளை எண்ணியே அவர் தொடங்கினார், எண்ணியபடியே முடித்தார்.

நாள்பட்ட நோய்க்கு அத்தகைய முடியும் நாள் கிடையாது. பத்து நாள் கடைப்பிடிப்பதற்குரிய கடுமையை முப்பது ஆண்டுகளுக்கு நீட்ட முயல்வதுதான் இங்கே நேரும் சிக்கல்.

இதயநோய்க்கோ பக்கவாதத்துக்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்புபவரின் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். உப்பைக் குறைக்கவும், எண்ணெயைக் குறைக்கவும், இனிப்பைத் தவிர்க்கவும், அரிசியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டவும், தினமும் நடக்கவும், எடையைக் குறைக்கவும், மன அழுத்தத்தைத் தவிர்க்கவும், நேரத்தோடு உறங்கவும். ஒவ்வொன்றும் சரியான அறிவுரையே. ஆயினும் இவை அனைத்தையும் திங்கட்கிழமை காலையில் ஒருசேரத் தொடங்குவது என்பது ஒரு மனிதர் தம் அறுபது ஆண்டு வாழ்வை ஒரே இரவில் மாற்றிக்கொள்வதற்குச் சமம். முதல் வாரம் அச்சத்தின் துணையால் நடந்துவிடும். மூன்றாம் வாரம் ஒன்று நழுவும். ஒன்று நழுவியதும் “எல்லாம் போயிற்று” என்னும் எண்ணம் வந்து, மீதி ஏழும் அதனோடு போகும்.

ஆகவே, மருத்துவர் உடனே செய்தாக வேண்டும் என்று அடிக்கோடிட்டுச் சொன்னவற்றைத் தவிர்த்து, மற்றவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. அந்த ஒன்றையும் வெட்கப்படத்தக்க அளவுக்குச் சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள். அது வீட்டின் இயல்பாக மாறிய பிறகு அடுத்ததைத் தொடலாம்.

உப்பிலிருந்து தொடங்குவதையே நான் விரும்புவேன். உலக சுகாதார நிறுவனம் வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நம் நாட்டில் சராசரியாக 8 கிராமும் அதற்கு மேலும் உண்கிறோம். ஆனால், எந்தச் சமையலறையில் கிராம் கணக்குப் பார்க்கிறார்கள்? கை அள்ளுகிறது, கண் அளக்கிறது, நாக்கு தீர்ப்புச் சொல்கிறது. அதனால் நான் வேறொரு கணக்கைச் சொல்வது வழக்கம். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதிவையுங்கள். நால்வர் உண்ணும் வீட்டில், ஆளுக்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்துவிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் செலவாகிறது என்று பொருள். 25 நாளில் தீர்ந்தால் 10 கிராம். மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் தனிப் பாக்கெட் வைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் துல்லியமாகும். கஞ்சி வடிப்பதில் போவதையும் தட்டில் மிஞ்சுவதையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடையில் வாங்கும் மிக்சரும் பிஸ்கட்டும் அந்தக் குறையை நிரப்பிவிடும்.

இப்போது 30 நாளில் தீரும் பாக்கெட்டை அடுத்த முறை 34 நாள் வரச் செய்யுங்கள். அதற்கு அடுத்தது 38. இவ்வாறு நான்கு நான்கு நாளாகக் கூட்டினால் ஐந்தாவது பாக்கெட் 50 நாளைத் தொடும். மொத்தத்தில் ஏழு மாதம் ஆகும். ஏழு மாதமா என்று கேட்பீர்கள். நாற்பது ஆண்டுகளாகப் பழகிய நாக்குக்கு அது நீண்ட காலமன்று. உப்பைத் திடீரெனப் பாதியாக்கினால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பெரும்பாலோர்க்குத் தெரியாது. சில வாரங்களில் சுவையுணர்வு புதிய அளவுக்குப் பழகிவிடும். அதன்பின் பழைய அளவு கரிப்பாகத் தோன்றத் தொடங்கும். பிரிட்டனில் ஒரு நாடே இவ்வழியில் நடந்தது. அங்கு ரொட்டி முதலிய உணவுப் பொருள்களில் உற்பத்தியாளர்கள் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தனர். 2001ஆம் ஆண்டளவில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 9.5 கிராமாக இருந்த சராசரி, 2011இல் 8.1 கிராமாக இறங்கியது. ரொட்டி சப்பென்று இருக்கிறது என்று எவரும் தெருவுக்கு வந்து போராடவில்லை.

கல் உப்பும் இந்துப்பும் தீங்கற்றவை என்று நம்பி அள்ளிப் போடுபவர்கள் உள்ளனர். எடைக்கு எடை பார்த்தால் அவற்றிலும் ஏறத்தாழ அதே சோடியம்தான். கடைகளில் ‘குறைந்த சோடியம்’ என்று விற்கப்படும் உப்பில் சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகளை உண்பவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம்; மருத்துவரைக் கேளாமல் வாங்க வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைவு என்று சொல்லப்பட்டவர்களுக்கு இந்த உப்புக் கணக்கு பொருந்தாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஏழு மாதம் காத்திருக்கவும் கூடாது. அவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே அன்றிலிருந்து அளவு.

நடைப்பயிற்சியைப் பற்றி ஊரெங்கும் பேச்சாக இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாயிரம் அடி என்னும் எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. தமிழ்நாட்டு அரசு மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை அமைத்திருப்பது நல்ல செயல். ஆயினும், மூட்டு வலியோடு மாடிப்படி இறங்கவே தயங்கும் ஒருவருக்கு எட்டுக் கிலோமீட்டர் என்பது அயல்நாட்டுப் பயணம் போன்றது. அவருக்கு நான் சொல்வது, இரவு உணவை முடித்துக் கை கழுவியதும் பத்து நிமிடம் கூடத்திலோ முற்றத்திலோ நடக்க வேண்டும் என்பதே. நியூசிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைக் காட்டிலும் ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைக் கூடுதலாகக் குறைத்தது. இரவு உணவுக்குப் பின் அந்தக் குறைவு 22 விழுக்காடு. கை கழுவுவதை ஒருவரும் மறப்பதில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே நடையும் வந்துவிடும் என்பதே இதில் உள்ள வசதி. நடக்கையில் நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ தோன்றினால் நின்றுவிடுங்கள். ஓய்வெடுத்தும் அது தணியாவிட்டால் உடனே 108ஐ அழையுங்கள். தணிந்துவிட்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சோற்றின் அளவையும் இவ்வாறே ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி பொரியலோ கூட்டோ வைக்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்களும் சோற்றைத் திடீரென வெகுவாகக் குறைத்தாலோ, ஒரு வேளையை விட்டாலோ, சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். உணவைக் குறைக்கத் தொடங்குமுன் மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனை சிறிய மாற்றங்களால் என்ன பயன் விளையும் என்னும் ஐயம் நியாயமானது. அதற்கு நம் நாட்டிலேயே விடை கிடைத்துள்ளது. டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவின் வாசற்படியில் இருந்த 531 பேர் அதில் பங்கு கொண்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். நடையும் மிதமான உணவு மாற்றமும் தொடர் ஊக்கமும் பெற்ற பிரிவில் அது 39 விழுக்காடு. அவர்கள் எவரும் துறவு பூணவில்லை. தினமும் அரைமணி நேரம் நடந்தனர், சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்தனர், நார்ச்சத்தைக் கூட்டினர்.

இனி, பராமரிப்பவர்களிடம் சில சொற்கள். இக்கட்டுரையை எழுதத் துணிந்ததே அவர்களை எண்ணித்தான்.

நோயாளிக்கு மட்டும் தனிச் சட்டியில் உப்பில்லாக் குழம்பு வைப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே கூடத்தில் மற்றவர்கள் அப்பளம் நொறுக்க, ஒருவர் மட்டும் அவித்த காயைப் பார்த்துக்கொண்டிருப்பது நாள்தோறும் அவருக்கு அவரது நோயை நினைவூட்டும் வேலையையே செய்கிறது. சமைப்பவருக்கும் இரட்டை வேலை. சில வாரங்களில் அவர் களைத்துவிடுவார். தனிச் சட்டி அடுப்பிலிருந்து மெல்ல இறங்கிவிடும். மாறாக, வீட்டின் பொதுக் குழம்பிலேயே உப்புச் சற்றுக் குறைந்தால் இரண்டு வேலை இல்லை, ஒதுக்கப்பட்ட உணர்வும் இல்லை. தந்தைக்கு இரத்த அழுத்தம் இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் அது வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், அந்தக் குழம்பு அவர்களுக்கும் மருந்தே. மருத்துவர் கண்டிப்பான அளவு விதித்திருக்கும் நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் தவிர்க்க முடியாதது.

காவல் காப்பதும் வேண்டாம். “அப்பா, அந்த வடையை வையுங்கள்” என்று உறவினர் முன்னிலையில் தட்டைப் பிடுங்கும் மகளின் கண்ணில் இருப்பது அன்புதான். அறுபத்தைந்து வயதுத் தந்தைக்கு அது தெரிந்தாலும் அவமானமாகவே இருக்கும். அடுத்த வடையை அவர் மகளுக்குத் தெரியாமல் தேநீர்க் கடையில் உண்பார். கண்காணிப்பு இறுகும்போது உணவு குறைவதில்லை, ஒளிவே கூடுகிறது. பின்னர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்து வீட்டார் திகைப்பர். ஊறுகாய்ப் புட்டியை உணவு மேசையிலிருந்து எடுத்து உள் அலமாரியில் வைப்பது நூறு கண்டிப்புகளைவிடச் சிறந்த உதவி. வேண்டுமானால் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்; யாரும் தடுக்கவில்லை. பலர் எழுந்து போவதில்லை.

சமைப்பவரே நோயாளியாக இருக்கும் வீடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கணவருக்குச் சர்க்கரை என்றால் வீடே திரும்பி நின்று அவருக்காகச் சமைக்கிறது. மனைவிக்குச் சர்க்கரை என்றால் அவர் அனைவருக்கும் வழக்கம்போல் சமைத்துப் பரிமாறிவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு மிஞ்சியதை உண்கிறார். “வீணாகிவிடுமே” என்று பிள்ளைகள் விட்ட சோற்றையும் சேர்த்து உண்கிறார். நடைக்கு நேரமில்லை என்று அவர் சொல்வது சாக்கன்று, உண்மையிலேயே இல்லை. இத்தகைய வீட்டில் முதல் சிறு மாற்றம் அவர் செய்ய வேண்டியதாக இருக்கக் கூடாது என்று கருதுகிறேன். இரவு பாத்திரத்தை வேறொருவர் துலக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் நடக்கட்டும். அவரும் மற்றவர்களோடு அமர்ந்து ஒரே நேரத்தில் உண்ணட்டும். இதற்கு மருத்துவச் சீட்டு தேவையில்லை. எழுதித் தந்தால்தான் நடக்கும் என்றால், எழுதித் தரவும் நான் அணியமாக இருக்கிறேன்.

சிறிது சிறிதாக என்னும் கொள்கை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தைச் சிறிது சிறிதாகப் பழகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதிய நாளிலிருந்து எழுதிய அளவில் உண்ண வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று தாமாகச் சிறிது சிறிதாக நிறுத்துவதும் கூடாது. புகைப்பழக்கத்திலும் படிப்படியைக் காட்டிலும் ஒரே நாளில் விடுவதே மேல். இங்கிலாந்தில் ஏறத்தாழ 700 பேரிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினர் நான்கு வாரம் கழித்தும் புகையாதிருந்தனர். படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரே. நாளுக்கு ஒரு பீடி குறைப்பேன் என்பவரைப் பார்த்து நான் மகிழ்வதில்லை. புகையிலையை விடத் துணை வேண்டுவோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மது இதற்கு நேர்மாறு. நெடுநாளாகத் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே இடர் நேரலாம். அவர் மருத்துவமனையின் துணையோடுதான் விட வேண்டும்.

ஒரு பழக்கம் ஊன்றுவதற்கு எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூலிலிருந்து திரிந்து பரவியது. அறுவை முடிந்த நோயாளிகளுக்குத் தம் புதிய முகம் பழக்கமாகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் குறித்திருந்தார், அவ்வளவே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாற இடைநிலையாக 66 நாள் ஆனது. சிலர்க்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. வேறு சிலர்க்கு 254 நாள் தேவைப்படும் என்று கணக்கிட்டனர். நம் முன்னோர் வகுத்த மண்டலக் கணக்கான 48 நாள் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை என்பது எனக்கொரு வியப்பு. அவ்வாய்வில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. இடையில் ஒரு நாள் தவறியவர்களின் பழக்கம் அதனால் பெரிதாகக் குலையவில்லை. பந்தியில் பாயசம் குடித்துவிட்டீர்களா? நல்லது, மணமக்கள் வாழட்டும். மறுநாள் இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால் போதும். தண்டனையாக இருபது நிமிடம் நடக்க வேண்டியதில்லை, ஒரு வேளை பட்டினி கிடக்க வேண்டியதுமில்லை.

இரவுப்பணி முடித்து விடியலில் வீடு திரும்பும் காவலாளிக்கும், மூன்று பேருந்து மாறி வேலைக்குச் செல்லும் தாய்க்கும் இந்த அறிவுரைகளெல்லாம் எளிதில் பொருந்துவதில்லை என்பதை அறிவேன். அவர்களுக்குப் பொருந்தும் ஒன்றை அவர்களோடு அமர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். கடைத் தேநீரில் சர்க்கரையை ஒன்றரைக் கரண்டியாகப் போடச் சொல்வதாக இருக்கலாம். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவதாகவும் இருக்கலாம். அதைக் கேட்பதற்கு மருத்துவரின் நேரம் போதாவிட்டால், உணவியல் நிபுணரிடமும் செவிலியரிடமும் தயங்காமல் கேளுங்கள். அதற்காகவே அவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்னும் பட்டியலை நான் கேட்கப் போவதில்லை. எந்த ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள், எத்தனை நாள் செய்தீர்கள், எங்கே தடுக்கியது என்பதைச் சொன்னால் போதும். உப்பை எடுத்துக்கொண்டவர்கள், தேதி எழுதிய அந்தக் காலிப் பாக்கெட்டையும் கோப்போடு சேர்த்துக் கொண்டுவாருங்கள்.